நிழலுக்கு ஒரு தெரு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். மேடை ஏறும்போது, "சார், பந்தி ரெடியா இருக்கு, மனசுல வெச்சுக்கோங்க" என்று காதோடு சொல்லிவிட்டும் போயிருக்கிறார். மனசில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

நான் இங்கே தாவரவியல் படித்தவன். படித்து முடித்ததும் வங்கியில் வேலை கிடைத்தது. இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்த கை முப்பத்தைந்து வருடம் லெட்ஜரில் வரவு செலவு எழுதியது. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்த படிப்புக்கு வேலை வந்தது. அந்த வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நெருக்கமான ஒரு நகரத் தெருவில் மரம் வைப்பது எப்படி, வைத்த மரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் விஷயம். கடைசியில் நம் சங்கத்திடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

முதலில் நம் ஊரைக் கொஞ்சம் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். இது சராசரி. நம் கல்லூரி இருக்கும் வடசென்னையின் உள்தெருக்களில் நெருக்கம் இன்னும் அதிகம் என்பதைக் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வீட்டில் என்ன குழம்பு என்று இங்கிருந்தே தெரியும். ஆனால் இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். புளியந்தோப்பு. புரசைவாக்கம். வேப்பேரி. புளி, புரசு, வேம்பு! கொஞ்சம் தள்ளிப் போனால் ஆலந்தூர். திருவொற்றியூர்க் கோயிலுக்கு மகிழம் தலமரம், மயிலைக்குப் புன்னை, திருவான்மியூருக்கு வன்னி. மரத்தின் பெயரைச் சொல்லாமல் இந்த ஊரில் முகவரி எழுத முடியாது. பெயர் இருக்கிறது, மரம்தான் இல்லை.

"மரம் இருந்தா நல்லதுதான் சார், இடம் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்பு, எதற்காக என்பதைப் பார்ப்போம்.

2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்த எண், நிழலில் இருக்கும் கூண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டியது. அதே நேரத்தில் வெயிலில் கிடந்த தார்ச்சாலை அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சுட்டிருக்கும். கல்லும் சிமெண்டும் தாரும் பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக வெளியே விடுகின்றன. குறுகிய தெருவில் இருபுறமும் மூன்று மாடி இருந்தால் அந்த வெப்பம் மேலே போகவும் வழியில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஏ.சி.யும் உள்ளே இருக்கும் சூட்டைத் தெருவில் கொண்டுவந்து கொட்டுகிறது. ஏ.சி. உள்ள வீடு தூங்குகிறது. இல்லாத வீடு அந்தச் சூட்டையும் சேர்த்து அனுபவிக்கிறது.

மரம் இதில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நிழல். வெயில் தரையில் படாமலேயே தடுத்துவிடுகிறது. இன்னொன்று, இலைகள் நீராவியை வெளியிட்டுச் சுற்றுக் காற்றைக் குளிரவைப்பது. நம்மைப் போன்ற கடலோர ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஆகவே இரண்டாவது வேலையைவிட முதல் வேலைதான் நமக்குப் பெரிய லாபம். தார்ச்சாலை மீதும் நடைபாதை மீதும் குடை விரிக்கிற மரம் வேண்டும். அலங்காரத்துக்கு நிற்கும் ஒல்லிப் பனை வகைகளால் இதற்குப் பயன் இல்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். யாருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காரில் போகிறவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். காலையில் கிழக்குச் சுவர் ஓரம், பதினொரு மணிக்கு மாடிப்படி அடியில், மூன்று மணிக்கு எதிர்ப்புறம் என்று சுவரின் நிழல் நகர நகரக் கூடையோடு நகர்ந்துகொண்டிருப்பார். நடுப்பகலில் நிழலே இருக்காது. அப்போது கூடையை ஈரத்துணி போட்டு மூடுவார், தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்வார். கரிப்பெட்டியோடு நிற்கும் இஸ்திரிக்கார அண்ணன், ஆட்டோ ஸ்டாண்டில் காத்திருப்பவர்கள், மதியம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரு மரம்தான் கூரை. பங்களாத் தோட்டத்து மரம் சொந்தக்காரருக்கு நிழல் தரும். தெரு மரம் மட்டும்தான் யாரென்று கேட்காமல் தரும்.

உடம்புக்கு மட்டுமல்ல. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. கண்ணால் பார்ப்பதற்கே இவ்வளவு பலன். 2021-இல் கோனைனென்டைக் என்ற நகர வனவியல் அறிஞர் இதை ஒரு சூத்திரமாகவே சொன்னார்: 3, 30, 300. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது கண்ணில் பட வேண்டும்; ஒவ்வொரு பேட்டையிலும் 30 சதவீதப் பரப்பில் மரநிழல் வேண்டும்; 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஜன்னலைத் திறந்து மூன்று மரம் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். முப்பதும் முந்நூறும் அப்புறம் இருக்கட்டும்.

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருகிறேன். "மரம் வெச்சா புயல்ல விழுது. வர்தாவுல பாத்தோமே!" பார்த்தோம். 2016 டிசம்பர் 12. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்றவை ஏராளம். சீக்கிரம் வளர்ந்து குடை விரிக்கும், பூவும் அழகு என்று அவற்றை வரிசை வரிசையாக வைத்திருந்தோம். அதற்காகக் குற்றம் முழுவதையும் மரத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி வேரை வெட்டியிருப்பார்கள். இன்னொரு பக்கம் அடிமரம் வரை சிமெண்ட். மேலே கம்பி போகிறதென்று ஒரு பக்கக் கிளைகளை மட்டும் மொட்டையடித்திருப்பார்கள். ஒற்றைக் காலில் நிற்கவைத்து, ஒரு தோளில் மூட்டையை ஏற்றிவிட்டு, "ஏன்டா விழுந்தே?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டெல்லி வழக்கு ஒன்றில் உத்தரவிட்டது. வேரும் மூச்சு விடுகிறது என்று இங்கே முதலாண்டு வகுப்பில் படித்தோம் அல்லவா? அதை ஒரு நீதிமன்றம் சொல்லி நினைவூட்ட வேண்டியதாயிற்று.

சரி, இடம் எங்கே என்ற கேள்வி. எங்கள் தெருவின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு 24 அடி அகலம். சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பினர் வேனில் வந்து இறங்கி ஐம்பது கன்றுகள் நட்டார்கள். பேனர், மைக், போட்டோ எல்லாம் சிறப்பாக நடந்தது. கன்று ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரம். பாதியை ஆடு மேய்ந்தது. மீதி அந்தக் கோடையில் காய்ந்தது. அடுத்த வருடம் அதே குழிகளின் மேல் பைக்குகள் நின்றன. தெருக்காரர்களுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தப்படுவதற்கு அது அவர்கள் வைத்த மரமே இல்லையே!

அதற்குப் பிறகு நாங்கள் பத்துப் பேர் கூடினோம். கன்று வாங்கவில்லை. முதல் இரண்டு மாதம் தெருவை அளந்தோம், அவ்வளவுதான். குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம், மின்கேபிள் எங்கே, மேலே கம்பி எங்கே, தெருவிளக்கு எங்கே, யார் வீட்டு வாசல் எங்கே என்று ஒரு நோட்டில் குறித்தோம். பழைய பிளம்பர் ஒருவர் தெருவுக்கடியில் இருக்கும் எல்லாக் குழாயையும் உள்ளங்கை ரேகை மாதிரி சொன்னார். வார்டு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்கினோம். இவ்வளவும் கழித்துப் பார்த்தபோது 14 இடம் தேறியது. ஐம்பது அல்ல, பதினாலு.

பிறகு வீடு வீடாகப் பேசினோம். இதுதான் பெரிய வேலை. கடைக்காரருக்கு போர்டு மறையும் என்ற கவலை. இன்னொருவருக்குத் திருடன் கிளை வழியாக மாடிக்கு ஏறுவான் என்ற பயம். ஒரு வீட்டு அம்மா கறாராகவே சொல்லிவிட்டார்: "தம்பி, நீங்க நட்டுட்டுப் போயிடுவீங்க. தினம் சருகு கூட்டுறது நான். வேர் சாக்கடைக் குழாய்ல பூந்துச்சுன்னா ஆள் வெச்சு எடுக்கிறதும் நான்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மரத்தின் பலன் தெருவுக்கெல்லாம், தொல்லை மட்டும் ஒரு வீட்டுக்கு என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்? அதனால் சருகு கூட்டத் தெரு முழுவதும் முறை போட்டோம். அவர் வாசல் பக்கம் குழாயிலிருந்து தள்ளி, வேர் அதிகம் முரண்டு பிடிக்காத சின்ன மரமாக மந்தாரை வைத்தோம். முதல் பூ பூத்ததும் அதைப் பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தவர் அந்த அம்மாதான்.

மரம் தேர்ந்தெடுப்பதில் எங்கள் விதி எளிது. மேலே கம்பி போகும் பக்கம் மந்தாரை, சரக்கொன்றை போன்ற சிறியவை. கம்பி இல்லாத பக்கம் புங்கம், வேம்பு, மகிழம், பூவரசு. புங்கம் கோடை தொடங்கும்போது பழைய இலையை உதிர்த்துவிட்டு உடனே பளபளவென்று துளிர்க்கும். நிழல் வேண்டிய நேரத்தில் கைவிடாது. மகிழம் மெதுவாக வளரும், ஆனால் உறுதி. கடற்காற்றுக்குப் பூவரசும் புன்னையும் பழக்கப்பட்டவை. புன்னையை உடன்பிறந்தவளாகவே எண்ணிய பெண்ணை நற்றிணையில் பார்க்கிறோம். ஆலும் அரசும் உத்தமமான மரங்கள், ஆனால் 24 அடித் தெருவுக்கல்ல. அவற்றுக்குப் பூங்காவும் குளக்கரையும் வேண்டும். சீக்கிரம் பச்சை தெரிகிறதென்று எங்கும் வைக்கப்பட்ட கோனோகார்ப்பஸை 2023-இல் குஜராத் தடைசெய்தது, 2025-இல் நம் மாநிலமும் தடைசெய்தது. அவசரத்துக்கு வைத்த மரம் அப்படித்தான் முடியும்.

கன்று ஆறடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆடு மாட்டுக்குத் தப்பும். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. தோண்டினால் வருவது மண் இல்லை, கட்டட இடிபாடு. அதை அள்ளிப் போட்டுவிட்டுச் செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் நிரப்ப வேண்டும். கரையானுக்குக் கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு. காற்றில் ஆடாமல் இருக்க ஒரு கம்பு, சுற்றிலும் கூண்டு. கட்டிய கயிறு மரத்தை இறுக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். கூண்டையும் ஒருநாள் கழற்ற வேண்டும். கூண்டுக் கம்பியை விழுங்கிக்கொண்டு நிற்கும் மரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர்தான் உயிர். இரண்டு கோடை தாண்டிவிட்டால் பிழைத்துவிடும். அதுவரை அது கைக்குழந்தை. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருவில் குடத்துத் தண்ணீரைக் கேட்க முடியாது. அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் சேர்த்தோம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்துக் குழிக்குள் விட்டோம். தெருவுக்குச் சூட்டைத் தரும் இயந்திரம் அபராதமாக மரத்துக்குத் தண்ணீரும் கொடுக்கட்டுமே! ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு அதிகம்; இளங்கன்றுக்கு அதைத் தனியாக ஊற்றவில்லை.

பதினாலில் பதினொன்று இன்று மரமாக நிற்கின்றன. இதில் ஒரு விஷயம் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. அதிகம் தண்ணீர் ஊற்றியவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள் அல்ல, வாடகைக்கு இருந்தவர்கள். ஒரு குடும்பம் மூன்று வருடம் ஒரு வேம்பைப் பிள்ளை மாதிரி வளர்த்தது. நிழல் விழ ஆரம்பித்த நேரம் வாடகை ஏறியது. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் மரத்தடியில் ஒரு நிமிடம் நிற்பார். "பெருசாயிடுச்சு இல்ல சார்?" என்பார். தெரு அழகானால் அதில் குடியிருக்க ஏழைக்கு இடம் இல்லாமல் போகக் கூடாது என்பதையும் மரம் நடுகிறவர்கள் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு தெரு மட்டும் பச்சையானால் வாடகை ஏறும். எல்லாத் தெருவும் பச்சையானால் அது ஒரு சாதாரண விஷயமாகிவிடும். அப்படி ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இது நடக்காத காரியம் அல்ல. அசோகர் சாலையோரம் ஆலமரங்கள் வைத்ததைக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தார். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் சாலைகள்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் 1963 ஜூன் 16 அன்று லீ குவான் யூ ஒரு கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். அதைவிட முக்கியம், வைத்த மரத்தைப் பராமரிக்க ஒரு துறையையும், காப்பாற்ற 1975-இல் ஒரு சட்டத்தையும் அந்த நாடு ஏற்படுத்திக்கொண்டது. இங்கே நாம் பழி போட்ட அதே தூங்குமூஞ்சி மரம் அங்கே சாலைக்கே கூரையாக நிற்கிறது. அங்கே நம்மைப் போலப் புயல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேருக்கு மண்ணும், கிளைக்கு முறையான கவாத்தும் உண்டு என்பதும் உண்மை.

இனி என் விண்ணப்பம். நம் சங்கம் இந்த ஆண்டு ஆயிரம் கன்றுகள் நடலாம் என்று யோசித்து வருவதாகத் தலைவர் சொன்னார். நல்ல எண்ணம். ஆனால் அந்த ஆயிரத்தை நாற்பதாகக் குறைக்கும்படி உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். கல்லூரி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒரு தெரு இருக்கிறது. நாம் நடந்த காலத்திலும் நிழல் இல்லை. மதியம் ஒன்றரை மணிக்கு நம் மாணவ மாணவியர் அதில் புத்தகத்தைத் தலையில் பிடித்துக்கொண்டு போவதை இன்று காலையிலும் பார்த்தேன். அங்கே நாற்பது மரம் போதும். ஆயிரம் கன்றுக்கான பணத்தை நாற்பது மரத்துக்கு மூன்று வருடத் தண்ணீராகவும் கூண்டாகவும் காவலாகவும் மாற்றுவோம். நட்ட அன்று எடுக்கும் போட்டோவை மலரில் போட வேண்டாம். மூன்றாம் ஆண்டு எடுக்கும் போட்டோவைப் போடுவோம்.

மாணவச் செல்வங்களே, பாதி வேலை உங்களுடையது. தாவரவியல் துறை மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கணினித் துறை ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கணக்கு வைக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தண்ணீருக்கு முறை போடட்டும். வணிகவியல் மாணவர்கள் பைசா பைசாவாக வரவு செலவு எழுதட்டும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆணி அடித்து விளம்பரம் மாட்டுகிறவர்களைப் பார்த்தாலோ, வேர் வெட்டுகிறவர்களைப் பார்த்தாலோ 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். மரத்துக்கு விடுமுறை கிடையாது. அந்த இரண்டு மாதத் தண்ணீரை, பக்கத்தில் குடியிருக்கும் முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். என் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் என் முறை.

நாம் படித்த கல்லூரிக்கு நாம் கட்டடம் கட்டிக் கொடுத்தால் அதில் நம் பெயர் பொறித்த கல் இருக்கும். மரத்தில் பெயர் எழுத வேண்டாம்; ஆணி அடிக்கக் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன்! பெயர் தெரியாத ஒரு பிள்ளை, பெயர் தெரியாத நம்மை நினைக்காமலேயே, அந்த நிழலில் பஸ்ஸுக்கு நின்றால் போதும்.

இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன். பந்தி ஆறியிருந்தால் செயலாளர் பொறுத்தருள வேண்டும்.